பெரிய துப்பாக்கியின் உதை

9 பிப்ரவரி 2006, வியாழன்

வலது தோள் வீங்கியிருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

என்.சி.சி.யில் நானும் சுமதியும் சின்னத் துப்பாக்கியில்தான் சுட்டுப் பழகினோம். பெரிய துப்பாக்கிக்குத் தோட்டா விலை அதிகம் என்று அதைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். சின்னதில் என் குறிதான் நன்றாக இருக்கும். ஆனால் போன வருட முகாமில் சுமதி பெரியதையும் சுட்டிருக்கிறாள். இன்று அதில்தான் தேர்வு. சென்னை முகாமுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒருத்திதான் போகலாம்.

"பெருசு எப்படிடி இருக்கும்?" என்று நேற்றுகூட அவளிடம் கேட்டேன்.

"அதே மாதிரிதான் இருக்குது. சத்தம்தான் கொஞ்சம் கூட."

நம்பினேன். தரையில் படுத்து, சின்னதைப் பிடிப்பதுபோல் லேசாகப் பிடித்துச் சுட்டேன். துப்பாக்கியின் அடிக்கட்டை தோள் எலும்பில் வந்து மோதியது. அதற்குப் பிறகு விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொண்டது. ஒரு தோட்டாவும் குறி அட்டையில் படவில்லை. அடுத்துப் படுத்த சுமதி கட்டையைத் தோளோடு இறுக்கி அணைத்துக்கொண்டு சுட்டாள். அவளைத்தான் எடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில், பீங்கான் கம்பெனிகளைத் தாண்டும்போது கேட்டேன். "ஒதைக்கும்னு ஏன்டி சொல்லல?"

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லியிருந்தா நீதானே போயிருப்ப."

இறங்கும்போது எனக்கு வலிக்குமென்று என் பையையும் அவளே தூக்கிக்கொண்டாள். அதைப் பிடுங்கிக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. காலையில் வழக்கம்போல் வாசலில் வந்து சைக்கிள் மணி அடிப்பாள். போவேனா என்று தெரியவில்லை. இன்றைக்கு இடது பக்கமாகத்தான் படுக்க முடியும்.