நீங்கள் எறிந்ததாகச் சொன்ன வயர்

இன்று காலை மின்விசிறி பூட்ட வந்தவர் புது வயர்ச் சுருளை அவிழ்த்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள்மேல் கோபம் வந்துவிட்டது. நீங்கள் போய் எத்தனையோ வருடமாகியும் அந்தக் கோபம் மட்டும் பழசாகவில்லை. கட்டின பெண்சாதிக்கே ஒளித்த மனிதர் நீங்கள்.

இதே மணம்தான் அன்றைக்குப் புளியங்கூடல் வீட்டிலும். என் அப்பா சீதனத்தோடு தந்த ஒஸ்ரின் காரின் வயர்களை எலி அரித்து, விளக்கைப் போட்டால் ஹோர்ன் அடித்தது, ஹோர்னை அடித்தால் எஞ்சின் நின்றது. லண்டனில் இருந்த என் தம்பி, அந்த வகைக் காருக்கென்றே கட்டி விற்கிற முழு வயர்த் தொகுதியை வாங்கி அனுப்பினான். ஒவ்வொரு நுனியிலும் அது எங்கே பூட்டுவது என்று ஒரு சீட்டு. பார்சலை எடுத்துக்கொண்டு வரும்போது பண்ணை வீதி இராணுவக் காவலரணில் சிப்பாய் அதைத் தெருவில் விரித்துப்போட்டு, என்னையும் வயரையும் மாறிமாறிப் பார்த்தான். எண்பத்தாறாம் ஆண்டு, வயர் என்றாலே குண்டென்று நினைக்கிற காலம். கூட வந்த கார்ப் படத்தைக் காட்டித்தான் தப்பினேன். வீட்டுக்கு வந்தால் நீங்கள் அவனைவிட மோசம்.

"உம்மட தம்பி சும்மா அனுப்புவானோ? நாளைக்கு வந்து காரைக் கேக்கப்போறான்."

"லண்டனிலை இருக்கிறவனுக்கு உந்தத் தகரம் என்னத்துக்கு?"

சீட்டுகளையும் நீங்கள் நம்பவில்லை. "சீட்டு ஒட்டினவனும் மனிசன்தானே" என்று சொல்லி, பற்றரியையும் ரோச் பல்பையும் வைத்து ஒவ்வொரு வயரையும் சோதித்தீர்கள். விறாந்தை முழுக்க வயர். நான் ஒரு நுனியில் பல்பைப் பிடித்தபடி குந்தியிருந்தேன். "எரியுதோ?" "ஓம்." அடுப்பில் சோறு அடிப்பிடித்தாலும் உங்களுக்கு அதுதான் முக்கியம்.

எல்லாம் பூட்டி முடிய, நீளமான பச்சை வயர் ஒன்று மிஞ்சியது. காருக்குள் சூடு தருகிற பெட்டிக்கு உரியதாம். எங்கள் வெயிலில் அந்தப் பெட்டி எந்தக் காரில் இருந்தது? அடுத்த நாள் பார்த்தால் வயரைக் காணவில்லை.

"அதை எறிஞ்சிட்டன்" என்றீர்கள்.

வளைந்த ஆணியையும் தட்டி நிமிர்த்திப் பெட்டியில் போடுகிறவர், லண்டன் வயரை எறிந்தாராம். அன்றைக்கே எனக்குள் ஒன்று உறுத்தத் தொடங்கியது.

கார் அருமையாக ஓடியது. ஆனால் நீங்கள் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு தரமும் குனிந்தீர்கள். கேட்டால், செருப்பு வார் கழன்றுவிட்டதாம். சாட்டிக் கடற்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போய் வந்தாலும் வார் கழன்றுவிடும், கோயிலுக்குப் போய் வந்தாலும் கழன்றுவிடும். நீங்கள் குளிக்கப் போன நேரம் செருப்பை எடுத்துப் பார்த்தேன். வார் கல்லுப்போல இருந்தது. ஊர்காவற்றுறையில் எவளாவது இருக்கிறாளோ, கடிதம் கிடிதம் ஒளிக்கிறாரோ என்றுகூட மனம் போனது. சிரிக்காதீர்கள்.

பிறகு ஒருநாள் இயக்கப் பொடியள் வந்தார்கள். "அண்ணை, கார் ஒருக்காத் தேவை." பக்கத்து வளவுக்குக் கத்தியை இரவல் கொடுக்காத நீங்கள், மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டினீர்கள். அவர்கள் சாவியைத் திருப்பினார்கள், ஒழுங்கை முடியும்வரை தள்ளினார்கள். கார் உயிர்க்கவில்லை.

"பழசு தம்பியவை, எலி அரிச்சுப்போட்டுது" என்றீர்கள்.

ஒருவன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, உங்களுக்குத் தெரியுமோ என்ன பிழையெண்டு?"

"எனக்கென்ன தெரியும்? இவர் எனக்கு ஒண்டும் சொல்லுறேல்லை." என் எரிச்சலைப் பார்த்து அவன் நம்பிவிட்டான். தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போனார்கள்.

அவர்கள் போனதும், நேற்றுவரை ஓடின கார் இன்றைக்கு எப்படிச் செத்தது என்று சண்டை பிடித்தேன். "எனக்கும் சொல்லமாட்டியளோ? நான் ஆர் உங்களுக்கு?"

"தெரிஞ்சிருந்தா நீர் பொய் சொல்லியிருக்கவேணும். உமக்குப் பொய் சொல்ல வராது. முகமே காட்டிக் குடுத்திடும்."

நீங்கள் வெங்காயத் தோட்டத்துக்குப் போன ஒரு காலையில் முன் சீற்றுக்குக் கீழே கையை விட்டேன். வீட்டுச் சுவிச்சு ஒன்று, அதிலிருந்து நீங்கள் எறிந்ததாகச் சொன்ன பச்சை வயர். அதை அணைத்துவிட்டால் எந்தச் சாவிக்கும் கார் மசியாது. தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன். நீங்கள் சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

அந்த மாசி மாதத்து மத்தியானம் தோட்டத்திலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். முன்பு லொறி ஓட்டின பக்கத்து வளவுக் கனகண்ணை ஓடிவந்து, உங்களைப் பின் சீற்றில் கிடத்திச் சாவியைத் திருப்பினார். கார் செத்த பிணம். நீங்கள் வேர்த்து ஒழுகி, முன் சீற்றைக் காட்டிக் கையை நீட்டுகிறீர்கள். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நான் குனிந்து சுவிச்சைத் தட்டினேன். எஞ்சின் பிடித்தது.

நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க ஏலவில்லை. கரம்பன் தாண்டும்போதுதான் குரல் வந்தது. "உம்மட்டை ஒண்டும் ஒளிக்க ஏலாது." அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை. ஆசுப்பத்திரி வாசலில் இறக்கும்போது உங்கள் கை குளிர்ந்துவிட்டது.

எனக்கு இப்போது புதிதாக ஒரு சந்தேகம். சீட்டு ஒட்டினவனையே நம்பாத மனிதர், என் கண்ணுக்கு முன்னால் ஏன் தினமும் குனிந்தார்? ஒளிக்கிறவர் நான் குசினிக்குள் போன பிறகு குனிந்திருக்கலாமே. சொல்லாமலே எனக்குத் தெரிய வேண்டும் என்றா அந்தச் செருப்பு வார் அத்தனை தரம் கழன்றது? கேட்க நீங்கள் இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

இப்போது மகனோடு இருக்கிறேன். அவன் காரில் ஏறினாலும் என் கை தானாகச் சீற்றுக்குக் கீழே போய்விடுகிறது.

"என்னம்மா தேடுறியள்?" என்கிறான்.

"செருப்பு வார் கழண்டிட்டுது" என்கிறேன். அவன் நம்பிவிடுகிறான்.