காய்ச்சலோடு போட்ட ஊசி

என் பாசமுள்ள சேவியர் அண்ணனுக்கு,

வீட்டில் பேச ஆளில்லை. அம்மாவும் அப்பாவும் போனபிறகு உனக்கு நான், எனக்கு நீ என்று இருந்தோம். நீ கப்பலில் இருந்த மாதங்களிலும் இந்த வீடு காலியாகத்தான் கிடந்தது. ஆனால் போன் வரும். "ஏளா செலின், சாப்பிட்டியா?" என்பாய். இப்போதும் போன் அடித்தால் நீதான் என்று ஓடிப்போய் எடுக்கிறேன்.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

பக்கத்து வீட்டு பிலோமியின் வீட்டுக்காரர் ரெக்ஸும் உன்னைப் போல ஆப்பிரிக்காவுக்குப் போகும் சரக்குக் கப்பலில்தான் வேலை பார்க்கிறார். இந்தத் தடவை மலேரியாவோடு வந்து இறங்கினார். அடுத்த பயணத்துக்கு முன்னால் டைபாய்டு தடுப்பூசி போடச் சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் முடியவே முடியாது என்றுவிட்டார். பிலோமி அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, சேவியர் ஊசி போட்டும் டைபாய்டுலதான செத்தான், எனக்கு எதுக்குன்னு சொல்லுதாரு. நீங்களாவது வந்து பேசுங்க."

நான் எதைப் பேச? உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவந்த நாளிலிருந்து என் மனதிலும் அதுதானே ஓடியது? இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்று பேருமாக டாக்டரம்மாவிடம் போனோம். உன் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஊசி போடுற அன்னைக்கு உங்க அண்ணனுக்கு உடம்பு எப்படி இருந்துச்சு?"

மலேரியாக் காய்ச்சல் என்று சொன்னேன், அண்ணே. அந்தச் சித்திரை வெயிலில் நீ போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தாயே! மலேரியா மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தாய். போகாதே என்றேன். "காய்ச்சல்னு சொன்னா கப்பல்ல ஏத்த மாட்டான்ளா" என்று காய்ச்சல் தெரியாமலிருக்க ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாய். அந்தப் பயணத்தில்தான் உனக்கு டைபாய்டு வந்தது.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "அதனாலதான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா. எந்த ஊசியும் எல்லாரையும் முழுசாக் காப்பாத்தும்னு சொல்றதுக்கில்ல. ஆனா மலேரியாக் கிருமி ரத்தத்துல இருக்கும்போது உடம்பு அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும். அந்த நேரம் டைபாய்டு ஊசி மாதிரி சில தடுப்பூசிகளைப் போட்டா, வர வேண்டிய எதிர்ப்புச் சக்தி குறைவாத்தான் வரும். அதுக்காக ஊசிய விட்டுறக் கூடாது. முதல்ல மலேரியாவக் குணமாக்கணும்."

ரெக்ஸ் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மாத்திரையை முழுசாக முடித்தார். ரத்தத்தில் கிருமி இல்லை என்று தெரிந்தபிறகுதான் ஊசி போட்டுக்கொண்டார். போன வாரம் கப்பல் ஏறிவிட்டார். அவரை வழியனுப்பத் துறைமுக வாசல்வரை நானும் போனேன். பிலோமி அழுதுகொண்டே சிரித்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது என்னமோ போல் ஆகிவிட்டது. இத்தனை நாளும் அந்த ஊசிமேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. காலையில் எழுந்தால் அதோடு சண்டை போடுவேன். அது ஒரு துணையாகவே இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. நீ இல்லை என்பது மட்டும்தான் மிச்சம்.

ஊசி போட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணே? அந்தக் கப்பல் போனால் இன்னொரு கப்பல் வராதா?

இனி இந்தத் தெருவில் யாராவது உன் பேரைச் சொல்லி ஊசி வேண்டாம் என்றால், அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பேன். உனக்கு நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்வேன். உன் பேர் யாரையும் பயமுறுத்த விடமாட்டேன். இது சத்தியம்.

உனக்குப் பின்னால் பிறந்து, தனியாக நிற்கும் தங்கச்சி,
செலின்