இணைப்பில் இன்னொரு பெயர்

என் செல்ல அண்ணா,

நீ மார்வலியில் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உன் லேப்டாப் இப்போது குமுளியில், என் வாடகை அறையில் இருக்கிறது. அதிலுள்ள லினக்ஸோடு நான் படும் பாட்டைப் பார்த்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை விடவே இல்லை. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் உன் படங்களை இங்கிருந்தே பார்க்கலாமென்று, இரண்டு கம்ப்யூட்டரையும் தனி வழியில் இணைக்கும் விபிஎன் போட உட்கார்ந்தேன். போன வாரம் ஊருக்கு வந்தபோதே இணைப்புக்கு அடையாளமான என் எழுத்துச் சாவியை அந்தக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டேன். மீதிக்கு நீ எழுதிவைத்த குறிப்புதான் துணை. ஒரு மணி நேரம் இணைப்பு வரவில்லை. சாவியின் கடைசியில் இருந்த சமக்குறியை நகலெடுக்காமல் விட்டிருந்தேன். அதைச் சேர்த்ததும் வந்துவிட்டது.

வீட்டுக் கம்ப்யூட்டரோடு யாரெல்லாம் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். என் பெயர் இருந்தது. அதன் கீழே உன் பெயர், 'செந்தில் போன்'. கடைசித் தொடர்பு, இருபது நொடிக்கு முன்.

மறுபடி பார்த்தேன். பத்து நொடிக்கு முன். எங்கிருந்து வருகிறது என்று தேடினால், நம் வீட்டுக்குள்ளிருந்தே. உன் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினோமே, அது அன்றைக்கே அணைந்திருக்காதா? யார் அண்ணா அங்கே?

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஊட்டுல யாரும்மா இருக்கறாங்க?"

"நா மட்டுந்தான் கண்ணு. ஏன்?"

"அண்ணன் போனு இப்ப எங்க?"



"திட்டாத சாமி. நாந்தான் நெதமும் எடுத்துச் சார்ஜ் போட்டு வெக்கறேன். அது அணஞ்சுதுன்னா அவன் மறுக்காவும் போனாப்புல இருக்குது. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது இன்னும் ஊட்டுக் கம்ப்யூட்டர்கூடப் பேசிட்டே இருக்குதும்மா."

"என்ன பேசுது?"

இருபத்தைந்து நொடிக்கொரு தரம் 'இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லும்படி நீதானே வைத்திருந்தாய்? அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். உன் பெயரைச் சொல்லி அழுதாள். சாவு வீட்டிலும் அழாதவள், அண்ணா.

எட்டு மாதமாக நானும் அவளும் தினமும் பேசினோம். சோறாச்சா, மழையா என்று கேட்டோம். உன் பெயரை மட்டும் இருவருமே தொடவில்லை. அவள் உடைந்துவிடுவாளென்று பயந்து நான் உன் பேச்சையே எடுக்காத வீட்டில், அவள் தனியாக உன்னோடு இருந்திருக்கிறாள்.

இனி உன்னைப் பற்றித்தான் பேசுவோம். சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். அவளை அழவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
பாப்பா