சித்தி சொன்னது அத்தனையும்

செவ்வாய், இரவு.

தூக்கம் வரவில்லை. சிரிப்புதான் வருகிறது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஒன்று பூக்காரம்மாவை இடித்த வழக்கில் இன்று என் சித்தி சாட்சி சொன்னாள். ஊசிமணி விற்றுக்கொண்டிருந்தபோது நேரில் பார்த்தவள் அவள். கூண்டில் ஏறியதும், வாக்ரிபோலியில்தான் சொல்வேன் என்றாள். எங்கள் நரிக்குறவர் மொழியை அந்தக் கோர்ட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

டிரைவரின் வக்கீல் எழுந்தார். "பஸ் ஸ்டாண்டுல இவங்க தமிழ்லதான மணி விக்கிறாங்க?"

"விக்கறது வேற, சத்தியம் பண்ணிச் சொல்றது வேற" என்றார் ஜட்ஜம்மா. மொழிபெயர்க்க, துணைக்குப் போயிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். அவள் சொல்வதை அப்படியே சொல்வேன் என்று என்னிடமும் சத்தியம் வாங்கினார்கள்.

சித்தி பொரிந்து தள்ளினாள். நான், "டிரைவரு போனைப் பாத்துக்கினே ஓட்டுனாரு. இவங்க திட்டுனாங்க" என்றேன்.

"அவ்வளவுதானா? ரொம்ப நேரம் பேசுனாங்களே!" என்றார் ஜட்ஜம்மா.

சத்தியம் செய்தாயிற்றே. "உன் கண்ணு ரெண்டையும் தோண்டிக் காக்காவுக்குப் போட" என்று தொடங்கி, டிரைவரின் முப்பாட்டன் வரைக்கும் சொல்லி முடித்தேன். கோர்ட்டே சிரித்தது. டைப்பிஸ்ட் எங்கள் மொழியின் பெயரை இரண்டு முறை கேட்டு அடித்தார்.

தீர்ப்புதான் என்னவாகுமோ.

பஸ்ஸில் நாங்கள் எப்போதும் குரலைத் தாழ்த்தியே பேசுவோம். இன்று ஊர் திரும்பும்போது சித்தி சங்கராபுரம் வரைக்கும் எங்கள் மொழியில் உரக்கப் பேசிக்கொண்டு வந்தாள்.

"இன்னாம்மா, இப்பிடிக் கத்திக்கினு வர்ற?" என்றார் கண்டக்டர்.

"ஜட்ஜே உக்காந்து கேட்டாங்க. நீயும் கேளு" என்றாள் சித்தி.