கொத்தனார் விரல்

மாப்ள,

இன்று காலை ரேஷன் கடை மிஷின் மறுபடியும் என் விரலை ஒத்துக்கொள்ளவில்லை. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. "கண்ணக் காட்டுங்கண்ணே, ஒங்க கையில ரேகையே இல்ல" என்றார் கடைக்காரர். கண்ணைக் காட்டிச் சர்க்கரை வாங்கி வந்தேன். வீட்டில் பையை இறக்கி வைத்துவிட்டு விரலை மோந்து பார்த்தேன். சிமெண்ட் வாசம்தான் அடித்தது. ஆடி மாதம் இதே விரலில் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. அது எதற்கு என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீ வல்லத்திராக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் மினி பஸ் ஓட்டினாய். நான் கொத்தனார், பெரும்பாலும் டைல்ஸ் வேலை. செல்போன் கம்பெனிக்காரன் ஒருவன்கூட நம் இருவரையும் கேட்டுக்கொண்டு எதையும் செய்ததில்லை. ஆனாலும் உலகத்தில் எந்தப் போன் வந்தாலும் உனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில் கிடைக்கிற இருபது நிமிடத்தில், ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு மேடையில் கறுப்புச் சட்டைக்காரர் புதுப் போனைத் தூக்கிக் காட்டுவதைப் பார்ப்பாய். முடிந்ததும் எனக்குப் போன் வரும். நான் சாரத்தில் நின்றாலும் எடுக்க வேண்டும்.

"மச்சான், இந்த வருசமும் அதே போன்தான். கேமராவ மட்டும் இங்கிட்டு இருந்து அங்கிட்டு நகத்தி வச்சிருக்கான்."

டப்பாவில் சார்ஜர் தருவதை நிறுத்தியபோது ஒரு வாரம் ஆற்றாமல் திரிந்தாய். பூமியைக் காப்பாற்றத்தான் சார்ஜர் தரவில்லை என்று கம்பெனி சொன்னதை நான் சொன்னதும், "அப்ப டப்பாவையும் குடுக்காம கையில குடுக்க வேண்டியதான?" என்றாய். பத்து நிமிடத்தில் வீட்டுக்கே காய்கறி வரும் என்று விளம்பரம் ஓடும்போதெல்லாம் நம் ஊர் பின்கோடைப் போட்டுப் பார்ப்பாய். அங்கே வர மாட்டோம் என்று அது சொன்னதும் திருப்தியாகச் சிரிப்பாய். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் புது ஆப் வந்த புதிதில், நம்ம ரூட் பஸ் டைமை அதனிடம் கேட்டாய். இல்லாத பஸ்ஸை நாலு எண்ணம் சொன்னது. அதில் ஒன்றுக்கு நீதான் டிரைவர் என்று என்னிடம் வந்து பெருமையடித்துக்கொண்டாய்.

உன்னிடம் ஒரு குணம் உண்டு. எதன் மேல் ஆசை விழுகிறதோ, அதைத்தான் முதலில் வேஸ்ட் என்பாய். மடக்குகிற போன் வந்தபோது, "போன எதுக்குடா மடக்கணும், அது என்ன வேட்டியா?" என்றாய். அதே வீடியோவை நீ ஆறு தரம் பார்த்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உன் கையில் கடைசி வரை இருந்தது மூலையில் விரிசல் விட்ட அந்தப் பழைய போன்தான். தொட்டே பார்க்காத போனுக்கெல்லாம் மார்க் போட்ட ஆள் நீ. இதை உன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொண்டது கிடையாது.

தொட்டுப் பார்த்த போன்களுக்கு நீ வைத்த பரீட்சைதான் என்னால் மறக்க முடியாதது. புதுக்கோட்டை போன் கடைகளில் என்னை மாதிரி யாரும் மானம் கெட்டிருக்க மாட்டார்கள். கண்ணாடி போட்ட கடைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போவாய். வாங்குகிற ஆட்கள் என்று நினைத்து விற்கிற பெண் எழுந்து வரும். நீ என் கையைப் பிடித்து அதன் முன்னால் நீட்டுவாய்.

"யம்மா, இவரு கொத்தனாரு. சிமெண்ட் தின்னது போக மிச்சம் இருக்குற விரலு இது. இத எடுக்குதான்னு பாப்போம். எடுத்தா போனு, எடுக்கலைன்னா பொம்ம."

எடுக்காது. விலை கூடின போன் எதுவும் என் விரலை எடுத்ததில்லை. விரலைத் துடைத்துவிட்டு வையுங்கள் என்று திரையில் வரும். நான் கைலியில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பேன். அந்தப் பெண் என்னைப் பாவமாகப் பார்க்கும். நீ தலையை ஆட்டிக்கொண்டு, "பெயிலு" என்று உரக்கச் சொல்லிவிட்டு வெளியே வருவாய். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த முறை கூப்பிட்டபோது வந்தேன்.

முந்தின வருசம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டதே, ஒரு மாதம் எனக்கு வேலையில்லை. ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது என் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்து, "மச்சான், ரேகை மொளச்சிருக்குடா" என்று கத்தினாய். உடனே உன் போனில் என் விரலைப் பதிந்தாய். உன் பழைய போன், விரிசல் போன், ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. உனக்கு முன்னால் ஐந்து முறை பூட்டி ஐந்து முறை திறந்து காட்டினேன். டீக்கடைக்காரருக்கும் காட்டினோம். மழை விட்டதும் நான் வேலைக்குப் போனேன், பதினைந்து நாளில் ரேகை போய்விட்டது. விளையாட்டு அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

வைகாசியில் நீ போய்விட்டாய். காலையில் பஸ்ஸை எடுக்கக் கிளம்பியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், புதுக்கோட்டை போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து உன் மனைவி செல்வி உன் போனை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தது.

"அண்ணே, போனத் தொறக்க எனக்கு நம்பர் தெரியும். உள்ள ஒரு நோட்டு மாதிரி ஆப்பு இருக்கு, அதுக்குத் தனிப் பூட்டு போட்டு வச்சிருக்காரு. தினம் ராத்திரி சாப்ட்டுட்டு அதுலதான் என்னமோ எழுதுவாரு. கேட்டா ஒண்ணுமில்லம்பாரு."

செல்வி அதைப் போன் கடைக்காரரிடம் ஏற்கெனவே கொண்டு போயிருக்கிறது. புதிதாக விரல் பதிந்தால் அந்த ஆப் சந்தேகப்பட்டுப் பாஸ்வேர்டு கேட்கும், ஏற்கெனவே பதிந்த விரல்தான் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். உள்ளே இரண்டு விரல் பதிந்திருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். ஒன்று உன்னுடையது. இரண்டாவது யாருடையது என்று செல்விக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"எதுக்கும்மா அதத் தொறக்கணும்?" என்று கேட்டேன்.

துணிப்பையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டது. அப்புறம், "நெஞ்சு வலி அவருக்கு முன்னாடியே வந்திருக்குமோன்னு இருக்குண்ணே. தெரிஞ்சும் எங்கிட்டச் சொல்லாம இருந்தாரான்னு மட்டும் தெரியணும். தெரியாமப் போனாருன்னா எனக்கு மனசு ஆறிரும். சொல்லாமப் போனாருன்னா அது வேற" என்றது.

அங்கேயே விரலை வைத்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. ஐந்தாறு தடவைக்கு மேல் வைத்தால் போன் கோபித்துக்கொள்ளும் என்று நீ சொல்லியிருக்கிறாய், அதனால் நிறுத்திக்கொண்டேன். "ஒரு மாசம் குடும்மா, ரேக மொளைக்கட்டும்" என்றேன். செல்விக்கு அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

விராலிமலையில் ஒரு புது வீட்டுக்கு டைல்ஸ் ஒப்புக்கொண்டிருந்தேன். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். வீட்டுக்காரரிடம் கை சுளுக்கிக்கொண்டது என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் சுளுக்கு புத்தியில் என்று நினைத்திருப்பார். வேறு ஆளை வைத்து முடித்துக்கொண்டார், அதன் பிறகு என் போனை எடுப்பதில்லை. நான் தினம் காலையிலும் மாலையிலும் விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். வீட்டில் பாத்திரம்கூடக் கழுவ விடவில்லை. ஒரு மாதம் ஒரு விரலையே பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். எத்தனை மார்க் போடுவாய் என்று நானும் யோசித்தேன்.

நாலாவது வாரம் கோடுகள் தெரிந்தன. ஆடி வெள்ளிக்கிழமை, செல்வி வீட்டில் வைத்துக் கட்டைவிரலை அழுத்தினேன். மூன்றாவது தடவை திறந்துகொண்டது.

உள்ளே இருந்தது என்ன என்று உனக்குத் தெரியும். போன்கள். வருச வரிசையில், கம்பெனி வரிசையில், உன் மார்க்கோடு. "கேமரா நல்லா இருக்கு, ஆனா ஆள வெள்ளையாக் காட்டுது, எங்காத்தாவுக்கே என்னத் தெரியாது." "இந்த ஆப்பு டார்ச் அடிக்கத்தான் இருக்கு, அதுக்கு எதுக்கு என் போன்ல உள்ள ஆள் பேரெல்லாம்?" "ஆளுங்கள வேலைய விட்டு நிறுத்திட்டு மிஷின் பாத்துக்கும்கிறானுக. பஸ்ஸுக்கும் வரும். வரட்டும், நம்ம ரோட்டுக் குழிய அதுக்கு யாரு சொல்லித் தருவா?" கடையில் பரீட்சை வைத்த ஒவ்வொரு போனுக்கும் கீழே 'மச்சான் விரல்: பெயில்' என்று ஒரு வரி. செல்வி படிக்கப் படிக்கச் சிரித்தது. நீ போன பிறகு அது சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கடைசியாக எழுதியது நீ போவதற்கு இரண்டு நாள் முன்னால். அதைப் பார்த்ததும் செல்வியின் சிரிப்பு நின்றது. கையில் கட்டுகிற வாட்ச், நெஞ்சுத் துடிப்புப் பார்க்கிற வாட்ச்.

"துடிப்பு கொறஞ்சா கூடுனா சொல்லுமாம். எத்தன அடி நடந்தோம்னும் எண்ணுமாம். நான் பஸ்ஸுல உக்காந்து குலுங்குனா அதையும் நடந்ததா எண்ணிப்புடும். வேஸ்ட்."

அவ்வளவுதான். வலி என்றோ டாக்டர் என்றோ ஒரு வார்த்தை இல்லை. செல்வி அதை இரண்டு தரம் படித்தது. "வலி இருந்திருந்தா வேஸ்ட்டுன்னு எழுதிருக்க மாட்டாருல்ல அண்ணே?" என்று கேட்டது.

"மாட்டான்மா" என்றேன். "அவனுக்குத் தெரியாது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியதாக மறுநாள் சொல்லி அனுப்பியது. நான் தூங்கவில்லை. நீ எதை வேஸ்ட் என்பாய் என்று செல்விக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும். அந்த வாட்ச் வீடியோவை நீ எத்தனை தரம் பார்த்தாய், மாப்ள? எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். சாரத்திலிருந்து இறங்கி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்த ஒன்றுதான். அது செல்விக்குத் தெரிய வேண்டாம்.

அன்று அந்த டீயைக் குடித்து முடித்ததும் செல்வி போனை என்னிடம் நீட்டி, "இதையும் பாருங்கண்ணே, ஒங்களப் பத்தித்தான்" என்றது. மேலே இழுத்துக்கொண்டே போய் அந்த ஐப்பசி மாதத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தது. உன் சொந்தப் போனுக்கு நீ எழுதிய மார்க்.

அந்தப் பூட்டை எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றது. "தொறந்தே கெடந்தா நான் நாளெல்லாம் இதையே படிச்சுக்கிட்டு இருப்பேன், வேல ஓடாது. பூட்டியே இருக்கட்டும். மழைக்கு வந்து தொறந்து விடுங்க."

மறுவாரம் நான் வேலைக்குப் போனேன். ரேகை போய்விட்டது, அதைத்தான் இன்று காலை ரேஷன் கடையில் பார்த்தோம். புரட்டாசி முடியப் போகிறது, மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. மழை பிடித்துக்கொண்டால் சிமெண்டுக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வாரேன் என்று செல்விக்குச் சொல்லி விட்டிருக்கிறேன். உன் சொந்தப் போனுக்கு நீ நூற்றுக்கு முப்பத்தைந்துதான் போட்டிருந்தாய். பேட்டரி நிற்காது, ஸ்பீக்கர் கரகரக்கும் என்றெல்லாம் திட்டிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தாய்:

"மச்சான் விரல்: பாஸ். மழைக்கு மட்டும் எடுக்கும். அழிக்க வேணாம்."