பத்துப் பேரில் ஒருவன்

பெப்ரவரி 11, செவ்வாய்

முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் கிடந்தும் கிடைக்காத பதவி உயர்வு, ஓய்வுபெற்ற பிறகு கிடைத்திருக்கிறது. வாழைச்சேனையின் ஆகச் சிக்கலான நோயாளிகள் பத்துப் பேரில் நானும் ஒருவன்! இதயம், சிறுநீரகம், சீனி வருத்தம், பிரஷர். போன வருடம் நாலு தடவை ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தேன். இந்தப் பத்துப் பேருக்கென்றே ஆஸ்பத்திரி ஒதுக்கிய நிருஷா என்ற தாதி இனிக் கிழமைக்கு ஒருதரம் வீட்டுக்கே வருவார். அவசரமென்றால் போனும் எடுக்கலாம்.

இன்று வந்தவர் என் குளிசைகளையெல்லாம் மேசையில் கொட்டினார். பதினான்கு வகை.

“யாக்கோப்பு அங்கிள், இதுவும் இதுவும் ஒரே மருந்து. பேர்தான் வேற. ரெட்டிப்பா விழுங்கியிரிக்கிறீங்க.”

தலைசுற்றலுக்கு வயதைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், வயது.

மார்ச் 4

எனக்கு உப்புக் கூடாது. அரிசி வாளிக்குள் ஒளித்த கருவாட்டை நிருஷா கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. பார்த்தார். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 29

குளிசை எட்டு வகையாகிவிட்டது. துறைமுகம் வரை நிற்காமல் நடந்தேன். வாட்டுப் பக்கம் போய் மூன்று மாதம். மகள் மதுஷா கனடாவிலிருந்து கிழமைக்கு ஒருதரம் பேசுகிறாள், நிருஷா நேரில் ஒன்று, போனில் ஒன்று என்று இரண்டுதரம். இதை மகளிடம் சொல்லவில்லை.

மே 20

“நல்ல செய்தி அங்கிள். நீங்க தேறிட்டீங்க. ஜூன்ல இருந்து சாதாரண கிளினிக்குக்குப் போகலாம். உங்கட இடத்துக்குப் பதினொரு பேர் காத்திரிக்காங்க.”

நானும் சிரித்தேன். தேறியதற்காக மனம் நொந்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

மே 27

பொய் சொன்னேன். கால் வீங்குகிறது என்றேன். விரலால் அழுத்திப் பார்த்தார், ஒன்றுமில்லை. “காலையில இரிந்தது” என்றேன். ஏதோ எழுதினார். இன்னும் ஒரு மாதம் நீடிப்பு. பரீட்சையில் பாஸான மாதிரி பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று அவர் வரும் நாளில்லை. போன் எடுத்து நெஞ்சு நோகுது என்றேன். ஓடி வந்தார். ஆஸ்பத்திரி, ஈசீஜி, இரத்தம் - அரை நாள். எல்லாம் சுத்தம். திரும்பும்போது தற்செயலாகச் சொன்னார்: ஓட்டமாவடியில் அசனார் என்ற ஒருவரைப் பார்க்கப் புறப்பட்டவராம். காத்திருக்கும் பதினொரு பேரில் ஒருவர். சீனி வருத்தம், காலில் புண். நாளைக்குக் கூட்டமாம், இனித் திங்கட்கிழமைதான் போகலாமாம்.

ஜூன் 16

அசனாருக்குக் கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

“வியாழக்கிழமை நீங்க போயிருந்தா?” என்று நிருஷாவிடம் போனில் கேட்டேன்.

“தெரியா அங்கிள்.”

தெரியாதாம். எனக்கும் தெரியாதுதான். அப்ப ஏன்டா சோறு இறங்குதில்ல?

ஜூன் 17

சொல்லிவிட்டேன். வீக்கம், நெஞ்சு நோவு, எல்லாம்.

நிருஷா எடை பார்க்கும் தராசைப் பைக்குள் வைத்தார். “கால் வீங்கல்லெண்டு எனக்கும் தெரியும். தனிய இரிக்கிற மனிசன் எண்டு நானும் கண்ண மூடிக்கிட்டன். ஆனா நெஞ்சு நோவ நம்பினன், அங்கிள்.”

என் இடத்தை அசனாருக்குக் கொடுக்கச் சொன்னேன். பெரிய தியாகி! அது என் இடமே இல்லை.

ஜூலை 8

சாதாரண கிளினிக். என் நம்பர் 63. ஐந்து மணித்தியாலம் காத்திருந்தேன். டொக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இன்னும் நூறு பேர். சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது.

ஜூலை 11

அசனார் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். மனைவி ஸைனம்பு தேத்தண்ணி கொண்டுவந்தார். குடிக்க முன்னமே அந்த வியாழக்கிழமைப் பொய்யைச் சொல்லிவிட்டேன், குடித்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். அசனார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். தேத்தண்ணி அப்படியே இருக்க வந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வர, நிருஷாவிடம் நம்பர் வாங்கி ஸைனம்பு போன் எடுத்தார்.

“அண்டைக்கு அவருக்கு வாய் வரல்லயாம். உங்கள ஒழுங்காத் திட்டணுமாம். நேர வரச் சொல்றார்.”

சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.