உன் மவுத்பீஸில் என் உதடு

என் மனைவி மஞ்சுவின் அண்ணனும், எனக்கு மச்சானும், எங்கள் பேண்டு செட்டின் பேஸ்காரனுமாக இருந்த முனிராஜுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நாகரசம்பட்டியில் ஒரு கல்யாண ஊர்வலம். நீ தோளில் மாட்டிக்கொண்டு ஊதிய அந்தப் பெரிய அடித்தொனிக் குழலை, பேஸை, இனி நான்தான் ஊத வேண்டுமாம்.

செட்டு மாஸ்டர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "உன் யூபோனியத்துலயும் அதே மூணு பட்டன்தானப்பா, வேற ஆள எங்க போயி தேடறது?" என் யூபோனியம் உன் பேஸுக்குத் தம்பி, பட்டன் அதேதான். அதே விரல்களை அழுத்தினால் அதே சுரம், ஒரு ஸ்தாயி கீழே. ஆனால் அவ்வளவு காற்றுக்கு நான் எங்கே போவேன்?

சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி லேத்தில் நீ கடைந்த, வாய் வைத்து ஊதுகிற பித்தளை மவுத்பீஸ் இன்னும் பேஸிலேயே இருக்கிறது. மூன்று நாள் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேனே தவிர, வாயில் வைக்கவில்லை. எச்சில் என்பதாலா? நீயும் நானும் ஒரே டம்ளரில் டீ குடித்தவர்கள். உன் கடைசி மூச்சு போன வழி அது, அவ்வளவுதான்.

நாலாவது நாள் மஞ்சுவுக்குத் தெரியாமல் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் எடுத்துப்போய் ஊதினேன். உனக்குத் தடித்த உதடு, அதற்கேற்ற மாதிரி அகலமான கிண்ணம். என் உதடு அதற்குள் பிடிமானம் இல்லாமல் தொளதொளவென்று ஆடியது. காற்றெல்லாம் போனது, சத்தம் வரவில்லை. நாலு மூச்சில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா?

என் யூபோனியம் மவுத்பீஸையே தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப் சுற்றிச் சொருகிப் பார்த்தேன். கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். போதாக்குறைக்குத் தெருவில் பேஸ், மண்டபத்தில் யூபோனியம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். பேஸுக்குத் தளர்ந்த உதடு யூபோனியத்துக்கு உடனே இறுக மாட்டேன் என்கிறது.

கடைசியில் உன் பக்கத்து மெஷின் சென்னப்பாவிடம் போனேன். "முனிராஜு வாய் வேற, உன் வாய் வேற. அவன் அளவப் புடிச்சிக்கினு நீ என்னாத்துக்குத் தொங்கற?" என்று திட்டினார். பிறகு வாய் விளிம்பைச் சின்னதாக்கி, பள்ளத்தைக் குறைத்து, தண்டு மட்டும் பேஸுக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்று கடைந்து கொடுத்தார். இப்போது சத்தம் வருகிறது. உன்னுடையதைப் போல வயிற்றுக்குள் அதிராது, ஆனால் டிரம்காரர் அதை நம்பி நடக்கலாம். தலை சுற்றவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சைக்கூடப் படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லையாம்.

இருந்தும் பயம் போகவில்லை. எனக்கு பேஸைப் பார்த்துப் பயமில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

நீ போன அன்றைக்கு சானமாவுக் காட்டுப் பக்கத்து ஊரில் திருவிழா. யானை இறங்குவதற்குள் சாமி கோயிலுக்குத் திரும்ப வேண்டும் என்று ஊர்க்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நீ, "மாப்ள, மார்ல என்னமோ பண்ணுது. மஞ்சுகிட்ட சொல்லிடாத, ஆடித் தீர்த்துடுவா" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு உன் சுரங்கள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன.

நம் செட்டில் பழக்கம் உனக்குத் தெரியும். ஒருத்தன் விட்டதைப் பக்கத்துக்காரன் எடுத்துக்கொள்ள வேண்டும், கூட்டத்துக்குத் தெரியக் கூடாது. நான் யூபோனியத்தின் சுரத்தைக் கீழே இறக்கி உன் பாட்டை எடுத்துக்கொண்டேன். நன்றாகவே எடுத்தேன் மச்சான், அதுதான் கொடுமை. முன்னால் போன மாஸ்டர் திரும்பவில்லை. டிரம் நிற்கவில்லை. இரண்டு பாட்டு முழுக்க, நீ பின்னால் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். இளைப்பாறுகிறாய் என்று நினைத்தேன். கோயில் வாசலில் பாட்டு முடிந்த பிறகுதான் ஓடி வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். "கொஞ்சம் முன்னாடியே..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மஞ்சு அப்போது அங்கே இல்லை.

அவள் இன்றைக்கும் பேஸைத்தான் திட்டுகிறாள். "எங்கண்ணன முழுங்குன பித்தள அது. நீங்களும் போயி அதும்மேல வாய வைக்கணுமா?" என்று அழுகிறாள். நான் வாயே திறப்பதில்லை. பழியைப் பித்தளை மேல் போட்டுவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் போடுகிற சோற்றைத் தின்கிறேன். என்னை மாதிரி ஒரு கோழையைப் பார்த்திருக்கிறாயா?

நேற்று பிராக்டீஸில் எல்லோரையும் நிறுத்திச் சொன்னேன். "ஞாயித்துக்கிழம பேஸ் நின்னா எல்லாரும் நிறுத்திடுங்க. யாரும் என் பாட்ட எடுத்து ஊதாதீங்க."

மாஸ்டர் முறைத்தார். "நடு ஊர்வலத்துலயா? செட்டு மானம் போயிடும்யா."

"போவட்டும்ண்ணே. அன்னைக்கு முனிராஜு பாட்ட நான் எடுத்து ஊதுனேன். அதனாலதான் நீங்க யாரும் திரும்பல."

மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சரி, நிறுத்திடலாம்" என்றார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதி மடித்து உன் படத்துக்குப் பின்னால் சொருகிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மாட்டேன் மச்சான். கம்பெனி பஸ் வருகிற நேரமாகிவிட்டது. மஞ்சு வேலை முடிந்து அதில் வந்து இறங்கியதும் கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். அவள் படித்து முடிக்கிற வரைக்கும் எழுந்து வெளியே போக மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவள் இதைப் படித்த பிறகும்
உன் மாப்பிள்ளையாகவே இருக்க ஆசைப்படும்,
வெங்கடேஷ்